தட்டாஞ்சாவடியிலிருந்து மேலே போன கண்ணாடி

வானத்தைப் பார்க்கும் கருவிகளுக்கும் வானத்திலிருந்து பூமியைப் பார்க்கும் கருவிகளுக்கும் லென்ஸும் கண்ணாடியும் செய்கிற நாங்கள் வானத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு சாண் கண்ணாடியை மாதக்கணக்கில் குனிந்து பார்த்துக் கழுத்துவலி வாங்குகிறவர்கள். குனிந்தபடியே பிழைக்கிற எல்லோருக்கும் இது புரியும்.

மடியில் ஒன்று

நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவிக்கு ஒரு லென்ஸ் செய்திருந்தோம். அளவு சரிபார்க்க, தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். துணியில் சுற்றி, மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவா, மெதுவா" என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாத்தான் போறேன்மா. கொழந்த மூஞ்சிய கொஞ்சம் தொறந்து வைங்க, மூச்சு முட்டப் போவுது."

பக்கத்துப் பட்டறை

செயற்கைக்கோள் கேமராவுக்கான கண்ணாடியின் பரப்பை லேசர் ஒளியில் சோதிப்போம். திரையில் விழும் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். தினமும் பதினொரு மணிக்கு அவை நடுங்கின. மூன்று வாரம் கருவியைச் சந்தேகப்பட்டேன். காரணம் சுவருக்கு அந்தப் பக்கம், டப்பா மூடி அடிக்கும் மிஷினின் அதிர்வு. அதன் உரிமையாளரை அழைத்துவந்து காட்டினேன். சோதனை நேரத்தில் நிறுத்திவைக்க உடனே சம்மதித்தார். போகும்போது முகமெல்லாம் பெருமை.

"நான் மூடி அடிச்சா சேட்டிலைட் கண்ணாடியே ஆடுதுன்னு எங்க வூட்ல வந்து ஒரு தடவ சொல்லுங்க மேடம்."

என் கையால்

ஒரு செயற்கைக்கோள் கேமராவுக்குக் கண்ணாடி செய்தோம். நான்கு மாதம் அதை மெருகேற்றியவர் எங்கள் மூத்த டெக்னீஷியன், அரியாங்குப்பம் செல்வி. அனுப்புவதற்கு முந்தைய நாள், கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று குனிந்தேன். கழற்ற மறந்த அடையாள அட்டையின் கொக்கி உரசிவிட்டது. விரல் நீளத்துக்குக் கீறல். அட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று கதவில் எழுதி ஒட்டியதே நான்தான்.

செயற்கைக்கோள் திட்டத் தலைவருக்குப் போன் செய்து, தவறு என்னுடையது என்றேன். அவர் மூன்று மாத அவகாசம் கொடுத்தார். செல்வியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவரே விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். எல்லாம் முதலிலிருந்து என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது.

"அழுவுறதுன்னா அப்பால போயி அழுவுங்க மேடம், கண்ணாடி மேல தண்ணி படும்."

முதல் படம்

மூன்று மாதத்தில் கண்ணாடி தயாரானது. பிறகு ராக்கெட்டும் ஏறியது. கேமரா அனுப்பிய முதல் படம் ஏதோ ஒரு பாலைவனம். மணல்மேடுகள் வரி வரியாகத் தெரிந்தன. செல்வி என் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடினார்.

"ஒரு கீறல் இல்ல. இனிமே உங்களால ஒன்னும் பண்ண முடியாது மேடம், அது மேல போயிடுச்சு."

இருபது வருடமாக மற்றவர்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியட்டும் என்று உழைத்ததில், என் மூக்குக்கண்ணாடியின் பவர்தான் மூன்று முறை ஏறியிருக்கிறது.