சட்டாராவில் நான் பார்க்காத நாய்கள்

2012 யூலை, பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறு. மெல்பேர்ணிலிருந்து சிட்னி, அங்கிருந்து பதினான்கு மணி நேரம் பறந்து ஜொகன்னஸ்பேர்க். நாங்கள் ஆறு பேர். நான், இவர், எங்கள் பன்னிரண்டு வயது மகள் மாதுமை; சிட்னியில் வந்து சேர்ந்த இவருடைய தமையன், எனக்கு அத்தான் முறை, அவரின் வளர்ந்த மகன்மார் இருவர். அத்தானின் மனைவி வரவில்லை. "கூடாரத்துக்குள்ள படுக்க என்னால ஏலாது" என்றார். பாவம் என்று நினைத்தேன். அந்த அக்கா எவ்வளவு விவரமானவர் என்பது பிறகுதான் விளங்கியது.

பயணம் என்னுடைய யோசனை. மெல்பேர்ணில், எங்கள் டண்டினொங் வீட்டுக் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, தென்னாபிரிக்காவின் குரூகர் காட்டு வரைபடம் இரண்டு வருடமாகத் தொங்கியது. எனக்குச் சிங்கம் முக்கியமில்லை, ஆபிரிக்கக் காட்டுநாயைப் பார்க்கவேண்டும். வட்டக் காது, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான உடம்பு. காயப்பட்ட நாய்க்கு மற்றவை இரை கொண்டுவந்து கொடுக்குமாம். மிச்சமிருப்பவை மிகக் கொஞ்சம்.

அத்தான் சிரித்தார். "நாய் பாக்கவோ பிள்ளை ஆபிரிக்காவுக்கு வாறீர்? டண்டினொங்கில இல்லாத நாயோ?"

செவ்வாய். வாடகை வான் வண்டியில் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர் ஓடி, காட்டின் ஓர்பன் வாசலால் நுழைந்து, சட்டாரா முகாமில் கூடாரம் அடித்தோம். முகாமின் கதவு காலை ஆறு மணிக்குத் திறக்கும், மாலை ஐந்தரைக்குப் பூட்டும். மிருகங்கள் நடமாடுவதும் அந்த இரண்டு நேரங்களையும் ஒட்டித்தான். அத்தான் தன் பெட்டியைத் திறந்தார். புட்டுமா, மிளகாய்த்தூள், புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி.

"எனக்கு வெளிச்சாப்பாடு ஒத்துவராது, பிள்ளை."

முகாமுக்குள்ளேயே உணவகம் இருந்தது. இருநூறு அடி தூரம்கூட இல்லை.

புதன், காலை ஆறு மணி. விரல் விறைக்கும் குளிர். நான் கேஸ் அடுப்பில் புட்டு அவித்தேன், மற்ற ஐந்து பேரோடும் வான் புறப்பட்டுப் போனது. ஒன்பதரைக்குத் திரும்பி வந்து, யானை என்றும் சிங்கம் என்றும் கதைத்தபடி சாப்பிட்டார்கள். மாலை நாலு மணிக்கு மறுபடி போனார்கள். நான் வெங்காயம் உரித்தேன். நாளைக்கு நானும் வருவேன் என்று இவரிடம் சொன்னேன். "அண்ணை பசியோட வருவார். நாளைக்கு வேண்டாம், நாளையிண்டைக்குப் போவம்" என்றார்.

வியாழன் காலை, பொதுத் தொட்டியில் சட்டி கழுவும்போது அங்கே துப்பரவு வேலை செய்யும் தாண்டி என்ற பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்: "இவ்வளவு தூரம் வந்து சமைத்துக்கொண்டே இருக்கிறாயே, எப்போது பார்க்கப் போகிறாய்?" வெட்கத்தோடு அடுத்த சட்டியை எடுத்துத் தேய்த்தேன்.

அப்போதுதான் வான் வந்தது. மாதுமை குதித்து ஓடிவந்தாள். "அம்மா, யுவர் டோக்ஸ்! எட்டு நாய், ரோட்டிலயே நிண்டது! நான் ஸ்டொப் ஸ்டொப் எண்டு கத்தினன். பெரியப்பா விடேல்லை."

ஓட்டியவர் இவர்.

"ஏன் நிப்பாட்டேல்லை?" என்று கேட்டேன்.

"முன்னுக்குச் சிங்கம் நிக்குதெண்டு ஒருத்தன் சொன்னவன். அண்ணை அவசரப்படுத்தினவர்."

"ஒரு படமாவது?"

"நாய்தானே பிள்ளை" என்றபடி அத்தான் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். புட்டுக்குச் சம்பல் கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்தச் சம்பலை நான்தான் அள்ளி வைத்தேன் என்பதை நினைக்க இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

வெள்ளி, கடைசி நாள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க, இவருடைய ஜக்கெற்றிலிருந்து வானின் திறப்பை எடுத்தேன். மாதுமை முன் இருக்கையில் ஏறினாள். ஓர்பன் வீதியில் மணிக்கு நாற்பதில் ஊர்ந்தோம். வரிக்குதிரைகள், மான்கள், ஒரு கழுகு. முதல்நாள் நாய்கள் நின்றதாக மாதுமை காட்டிய இடத்தில் வானை நிறுத்தி அரை மணித்தியாலம் பார்த்திருந்தோம். வெறும் புல். பத்து மணிக்குத் திரும்பியபோது கூடாரங்களில் ஒருவரும் இல்லை.

உணவகத்தில் இருந்தார்கள். அத்தானின் முன்னால் இரண்டாவது கோப்பை. பொரித்த முட்டை, சொசேஜ், பாண், எல்லாவற்றையும் வழித்துத் துடைத்திருந்தார். வெளிச்சாப்பாடு நன்றாக ஒத்துவந்திருந்தது. பலகையில் விலை எழுதியிருந்தது: எழுபது ரான்ட். எங்கள் காசில் ஒன்பது டொலருக்குள்.

"கண்டனீரோ நாயை?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப வீணாப் போனதுதானே."



மெல்பேர்ண் வந்து இரண்டாம் கிழமை இவருடைய நண்பர்கள் படம் பார்க்க வந்தார்கள். சிங்கத்தின் முதுகு மட்டும் அறுபது படம். என்னுடைய படம் ஒன்று, அடுப்பின் முன்னால் குனிந்தபடி. "எல்லாம் பாத்தம்" என்றார் இவர்.

"நான் பாக்கேல்லை" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார், பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். தேத்தண்ணி நேரம். நான் கதிரையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு, எட்டு நாய்களும் எந்த இடத்தில் நின்றன என்பதை வந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் இவர் எழும்பிப் போனார், குசினியில் அலுமாரிகள் ஒவ்வொன்றாகத் திறபடும் சத்தம் கேட்டது. தேயிலை எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.