அத்திம்பேர் வகுப்புக்கு ஆள் பிடித்த கதை

என் அக்காள் விஜயலக்ஷ்மியின் கணவர் மஹாதேவனுக்குப் பிடிவாதம் பிறவிச் சொத்து. இல்லாவிட்டால் நல்ல பாங்கு உத்தியோகத்தை உதறிவிட்டு, கல்கத்தாவில் யாருமே கேட்காத ஒரு படிப்புக்கு ஆள் பிடிக்கக் கிளம்பியிருப்பாரா?

டாக்குரியாவில் ஒரு மாடியில் புதிதாக முளைத்த கல்வி நிறுவனம் அது. வேலையில் இருப்பவர்களுக்கு மாலை வகுப்பு. பொதுக் கொள்கையும் நிர்வாகமும், முதுகலைப் பட்டயம். எழுபத்தாறில் அத்திம்பேரை அமைப்பாளராக வைத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜைக்குள் இருபது பேர் சேராவிட்டால் வகுப்பும் கிடையாது, அவருக்கு வேலையும் கிடையாது. பாங்கு அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. லேக் கார்டன்ஸில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள்.

டிபன் நேரம் பார்த்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கிடர்பூர் துறைமுக ஆபீஸில் அவர் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். கப்பல் ஏன் காத்துக்கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எந்த விதியை மாற்றினால் காத்துக்கிடக்காது, அதை எப்படி மாற்ற வைப்பது, அதைத்தான் சொல்லித் தருகிறோம் என்று ஆங்கிலமும் அரைகுறை வங்காளமுமாக விளக்கினார். நன்றாகத்தான் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள், மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார்கள், "தேகா ஜாபே" என்றார்கள். பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கலாம் என்றவர்களில் ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் அத்திம்பேர் சேர்க்கைக்கு நாள் குறித்தார். விஜயதசமி.

"படிப்பு ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் ஏது? ஆபீஸும் லீவு. எல்லாரும் ஓஞ்சு இருப்பா" என்றார்.

கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த அக்கா சொல்லிப் பார்த்தாள். "அன்னிக்கு இவா துர்க்கையைக் கங்கையில கரைச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுண்டு வருவா. யார் வந்து கையெழுத்துப் போடுவா?"

"விஜயதசமி எல்லா ஊருக்கும் விஜயதசமிதான்" என்று முடித்துவிட்டார். திருச்சிக்காரரிடம் அதற்கு மேல் பேசிப் பயனில்லை.

"நீயாவது போய் உக்காருடா ராஜு" என்று அக்கா என்னை விரட்டினாள். நான் தணிக்கை ஆபீஸில் வேலை பார்த்தேன், கல்யாணமாகாதவன், விடுமுறையில் தூங்கலாம் என்றிருந்தேன். தெருவெல்லாம் லாரி லாரியாகத் துர்க்கை, தாரை தப்பட்டை, பஸ் கிடையாது. நடந்தே போனேன். காலி நாற்காலிகளுக்கு முன்னால் சரஸ்வதி படம், சந்தனம், ஒரு தூக்கு நிறையச் சுண்டல். அத்திம்பேர் பட்டுக்கரை வேஷ்டியில் உட்கார்ந்திருந்தார்.

"கூட்டமா இருக்கோல்லியோ, மெதுவா வருவா" என்றார். இருட்டும்வரை அதையேதான் சொன்னார். எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம் மனசு தாங்கவில்லை.

"அத்திம்பேர், நாளையிலேர்ந்து பிஜோயா. யார் வீட்டுக்கு வேணா போகலாம். ஆபீஸ்ல முகம் குடுக்காதவன்கூட கட்டிண்டு, ஸ்வீட் குடுத்துத்தான் அனுப்புவான். வாங்கோ, போவோம்."

"பண்டிகைக்குப் போன எடத்துல ஃபாரத்தை நீட்டறதா? அசிங்கம்டா."

"நீட்ட வேண்டாம். வாழ்த்து சொல்லிட்டு வருவோம்."

முதலில் துறைமுக அதிகாரி ஷுபிமல் சென் வீடு. சென் வாசலிலேயே மூன்று தடவை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டார். தொட்டுப் பேசுகிற பழக்கமே இல்லாத அத்திம்பேர் விறைத்துப் போய் நின்றார். சென்னின் மனைவி தேங்காய் உருண்டை கொண்டுவந்து வைத்து, "தாதா, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று அண்ணன் முறை வைத்து வங்காளத்தில் கேட்டாள். கேட்டதால் சொன்னார். சென் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் முழுவதும் கேட்டாள். "கல்யாணமான நாள்லேருந்து துறைமுகத்தை எப்படி நடத்தணும்னு இவர் என்கிட்டதான் பாடம் எடுக்கறார். உங்க வகுப்புல சேர்த்துக்குங்க. இனிமே அங்க வந்து பேசட்டும்."

"தேகா..." என்று ஆரம்பித்தார் சென். மனைவி பார்த்த பார்வையில் மீதி வெளியே வரவில்லை.

தெருவுக்கு வந்ததும் அத்திம்பேர் நின்றார். "இத்தனை நாளா தப்பான ஆள்கிட்டன்னா பேசிண்டிருந்திருக்கேன்."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வீடு வீடாகப் போனோம். ஒரு அம்மாளுக்குக் கணவரின் பதவி உயர்வு கவலை. இன்னொருத்திக்குத் தன் கணவர் சாயங்காலம் கிளப்பில் சீட்டாடாமல் இருந்தால் போதும். இனிப்பு தின்று தின்று அத்திம்பேருக்கு வயிறு கெட்டது. ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார். கடைசி நாட்களில் அக்காவும் வந்தாள். அவள் வங்காளத்துக்கு எதிர்ப்பேச்சே இல்லை.

பத்தொன்பதில் வந்து நின்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி இல்லாவிட்டால் என்ன, அக்கா இருக்கிறாளே. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது எண்பத்து நாலு. வகுப்பு நடக்கிறது. சென் துறைமுகத்தில் பெரிய பதவிக்கு வந்துவிட்டார். அத்திம்பேர் வருஷா வருஷம் பிஜோயாவுக்கு வீடு வீடாகப் போகிறார், கட்டிக்கொள்ளவும் பழகிவிட்டார். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, நிறுவனத்துக் கமிட்டி சம்மதம் சொன்ன அந்தச் சாயங்காலம்தான். வீட்டுக்குள் நுழைந்ததும், "வகுப்பு உண்டுன்னுட்டா" என்றார். அவர் பாங்கு வேலையை விட்ட நாளிலிருந்து ஒரு வார்த்தை குறை சொல்லாத அக்கா, அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அத்திம்பேர் திகைத்துப் போனார். "என்னடி இது, இருபது பேர் சேர்ந்தாச்சுங்கறேன்?"

"சேராம போயிருந்தா அழ முடியுமா?" என்றாள் அக்கா. "நீங்க பாத்துண்டிருப்பேளே."