ஒரே மூச்சில் கேட்ட இரண்டு

ஒரே மூச்சில் ஆண்டவரிடம் இரண்டு காரியம் கேட்டு, இரண்டுமே நடந்துவிட்டால், இரண்டையும் அவர்தான் செய்தார் என்று சொல்ல வேண்டுமா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. தெரியாமலேதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

நாங்கள் காரைக்காலில், தலத்தெருவில் இருக்கிறோம். ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு. முன்வீட்டில் என் கணவரின் அண்ணனும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும். பின்வீட்டில் நாங்கள், மாமியார், அப்போது கைக்குழந்தையாக இருந்த என் மகள்.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கோவிலில் சிலுவைப் பாதை ஜெபம் முடிந்து வந்து பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். முன்வீட்டில் தட்டு உருண்டது. பிறகு அக்காவின் அலறல். அது எங்களுக்குப் புதிதல்ல. கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவோம். அன்று அலறல் பாதியில் நின்றுபோனது. பிள்ளையை மாமியார் மடியில் போட்டுவிட்டு ஓடினேன்.

அக்காவின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார் என் கணவரின் அண்ணன். சுவரில் ரத்தம் வழிந்தது. ஒரு கொத்து முடி வேரோடு தரையில் கிடந்தது. குழம்பு ஆறிப்போயிருந்ததாம்.

“விடுங்க மச்சான், செத்துடப் போறாங்க” என்று கையைப் பிடித்தேன்.

“நீ யாருடி நடுவுல?” அவர் லாரி ஓட்டுகிறவர். வலது காலால் தொப்புளுக்குக் கீழே உதைத்தார். நிலைப்படியில் போய் விழுந்தேன். மூச்சே வரவில்லை.

வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. “வாயு புடிச்சிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸாயிடும், குடும்ப மானம் போயிடும்” என்று மாமியார் ஓம வாட்டர் கொடுத்தார். என் கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நானும் சொன்னபடி குடித்தேன். விடிவதற்குள் வயிறு பலகை போல இறுகிவிட்டது. பிள்ளை தவழ்ந்து வந்து கை வைத்ததும் கத்திவிட்டேன். பச்சை பச்சையாக வாந்தி. அப்புறம்தான் கணவர் ஆட்டோ பிடித்தார்.

“எப்படி அடிபட்டுது?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“வழுக்கி விழுந்துட்டாங்க” என்று மாமியார் முந்திக்கொண்டார்.

டாக்டரம்மா என்னை மட்டும் பார்த்தார். “குடல் கிழிஞ்சிருந்தா நேரம் போகப் போக உள்ள விஷம்தாம்மா. உண்மையச் சொல்லுங்க.”

நான் மாமியாரைப் பார்த்தேன். என் கணவர்தான் சொன்னார்: “எங்க அண்ணன் உதைச்சாருங்க.” அண்ணனுக்கு எதிராக அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அது.

ஸ்கேனில் குடல் கிழிந்திருப்பது தெரிந்தது. “மூணு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பாத்து, முடிஞ்சா அது வழியாவே தைச்சுடுவோம். அழுக்கு ரொம்பப் பரவியிருந்தா வயித்தத் திறந்துதான் ஆகணும். அப்ப ஆபத்து அதிகம்” என்றார் டாக்டரம்மா.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது வெளியே என் மகள் பாலுக்கு அழுதாள். அந்தச் சத்தத்துக்கே பால் சுரந்து என் துணி நனைந்தது. அப்போது ஜெபித்தேன். “ஆண்டவரே, என் பிள்ளைக்கு என்னை விட்டுவையும். அந்தக் காலை உடைத்துப்போடும்.” இரண்டுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை.

கண் விழித்தபோது வயிற்றில் ஒரு ட்யூபும் மூன்று சிறிய கட்டுகளும் இருந்தன. சிறுகுடலில் ஒரே ஒரு கிழிசல். திறக்காமலே தைத்து, உள்ளே கழுவிவிட்டார்களாம். “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டரம்மா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இன்று என் மகள் என் கையைப் பிடித்து நடக்கிறாள்.

போலீஸ் வந்தது. அண்ணன் ஜாமீனில் திரும்பி வந்தார். வந்த பிறகும் அடி நிற்கவில்லை. பிறகு ஒருநாள், லாரியில் பாரம் இறக்கும்போது இரும்புக் குழாய்கள் சரிந்து அவர் கால்மேல் விழுந்தன. வலது கால். முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போது படுத்தபடி கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிறார். அக்காதான் அவரைத் தோளில் தாங்கிக் கக்கூசுக்குக் கூட்டிப்போகிறார்.

எங்கள் பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். பிழைத்ததை மட்டும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அக்கா வந்தார். பிடுங்கப்பட்ட இடத்தில் குட்டை முடி முளைத்திருந்தது.

“உன் ஜெபத்த ஆண்டவர் கேக்குறாரே. அவரு கால் சரியாகணும்னு எனக்காக ஒரு வார்த்த கேளுடி.”

“சரியானா மறுபடி உதைப்பாரேக்கா.”

“உதைப்பாருதான். தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சே” என்று சிரித்தார்.

இதைப் படிக்கிற பெண்களே, வயிற்றில் அடிபட்டால் காயம் இல்லை என்று ஓம வாட்டர் குடித்துக் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் கேட்கிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

தினமும் ஜெபமாலையை எடுக்கிறேன். நன்றி சொல்ல வருகிறது. அக்கா கேட்டதற்கு வரும்போது நாக்கு எழவில்லை. அந்தக் கால் எழுந்து நடக்க வேண்டும் என்று நான் ஜெபிக்கலாமா? ஜெபிக்காமல் இருக்கலாமா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன கேட்பீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.