தாணு வீட்டுச் சாக்பீஸ் சுவர்கள்

“அக்கா, அது சொவராக்கும்! அதுவழியாட்டா நடப்பா?”

தாணு போட்ட சத்தத்தில் பகவதியம்மாள் கையிலிருந்த காப்பி தளும்பிவிட்டது. சுவர் எங்கே என்கிறீர்களா? தரையில் சாக்பீஸ் கோடாகக் கிடக்கிறது.

கரமனையில் அப்பா விட்டுப்போன வீட்டை மூன்று பாகமாக்கி, அக்கா, தம்பி, தான் எல்லோரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது தாணுவின் ஆசை. கொத்தனார் கைவைக்கும் முன்பே கூடம் முழுக்கக் கோடு போட்டு, அதற்குள் வாழ்ந்து பார்க்கச் சொல்கிறார். “சொவர இடிச்சுப் பொளிச்ச பொறவு அய்யோன்னா ஆச்சா?” பக்கத்து வீட்டுக்காரனான நான் பேப்பர் வாங்கப் போனாலும், கோட்டின் முன் நின்று “டிங் டாங்” சொன்னால்தான் அனுமதி. இந்த வயதில் நானும் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாலைக் கடைத்தெருவில் தாணு விற்பது தாழ்ப்பாளும் கீலும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவை ஆட்டிப் பார்ப்பார். கிரீச்சிட்டால் சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க் குப்பி வெளியே வரும். சாப்பிடக் கூப்பிட்டவர்கள் இலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

தம்பி ஜெயகுமாருக்கு இந்தக் கூத்தில் நம்பிக்கையில்லை. வீட்டை விற்று ஆளுக்கொரு ஃப்ளாட் வாங்கலாம் என்பது அவன் கட்சி. ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்ல வந்தான். தாணு தன் பாகத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஜெயகுமார் கோடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“அண்ணே, ஒனக்கு வாசலே இல்லியே! எப்பிடி உள்ள போன?”

தாணு குனிந்து பார்த்தார். உண்மைதான். அக்காவுக்கும் தம்பிக்கும் முன்வாசல், பின்வாசல் என்று பார்த்துப் பார்த்து வைத்தவர், தனக்கு ஒரு கதவு வைக்க மறந்திருந்தார். பகவதியம்மாள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். தாணு மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்தால் சுவரைத் தாண்ட வேண்டுமே!

“அங்கேயே இரி,” என்று ஜெயகுமார் சாக்பீஸை எடுத்தான். அண்ணன் பாகத்துக்கும் தன் பாகத்துக்கும் நடுவில் இருந்த கோட்டைக் காலால் கொஞ்சம் அழித்து, அங்கே ஒரு கதவு வரைந்தான்.

“எனக்க அடுக்களைக்குத்தான் தொறக்கும். நாங்க குடிவந்த பொறவு நீ ஒத்தைக்குச் சமைக்காண்டாம். டிங் டாங்.”

தாணுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து காற்றில் தாழ்ப்பாளை விலக்கினார். கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து, கீல் வரவேண்டிய இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.