தாம்பூலப் பையில் போன நாவல்

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எழுதிய ஒரே நாவல் சித்தியின் கல்யாணத்தில்தான் வெளியுலகத்தைப் பார்த்தது. விற்காமல் கட்டிலடியில் கிடந்த பிரதிகளை, ராஜபாளையம் மண்டபத்தில் தாம்பூலப் பைக்கு ஒன்றாகத் தேங்காயோடு போட்டுவிட்டார். வாசகர்கள் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், சொந்தக்காரர்களும் வாசிப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறை எனக்கு. களைத்துப் படுத்திருந்த அம்மா, பதினோராம் அத்தியாயம் வரை வாசித்துவிட்டு எழுந்து உட்கார்ந்து மாமாவைக் கூப்பிட்டாள்.

"ஏலே, அக்கா கதைய எழுதி வச்சிருக்கியே! அத்தான் வாசிச்சா அவ பொழப்பு என்னல ஆகும்?"

அந்த அத்தியாயத்தில் ஒரு பெண், கல்யாணத்துக்கு முன், ஒருவனை நம்பித் துணிப்பையோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். அது ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த பெரியம்மா என்பதும், கூடப்பிறந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்பதும் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், பெரியப்பா அந்தப் புத்தகத்தை வாசித்துவிடக் கூடாது என்பதுதான்.

பெரியம்மா செல்போனை எடுக்கவில்லை. பிள்ளையோடு போனால் சும்மா வந்த மாதிரி இருக்கும் என்று மாமா என்னையும் பஸ்ஸில் ஏற்றினார். அவர் கையில் உருண்டு உருண்டு, இறங்கும்போது டிக்கெட் நூலாகியிருந்தது.

பெரியப்பா முன்னறையில் பனியனோடு உட்கார்ந்து அந்த நாவலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நடுவில் விரலை வைத்து மூடினார். மாமா அந்த விரலையே பார்த்தார்.

"அத்தான், அதுல அச்சுப்பிழை நெறைய இருக்கு. குடுங்க, வேற நல்லதா கொண்டாந்து தாரேன்."

"இருந்துட்டுப் போவுது. கதை புரியுதுல்லா?"

"இல்லத்தான், எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டு இருக்கேன்."

"தாம்பூலத்துல வச்சுக் குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாகளா மாப்ள? அப்ப தேங்காயையும் கேப்பீரோ? அது தொவையலாயிட்டு."

மாமா சிரிக்கவில்லை. கையை நீட்டிப் புத்தகத்தைப் பிடித்தே விட்டார். ஒரு மூலை அவரிடம், மறு மூலை பெரியப்பாவிடம். பெரியப்பாவின் சிரிப்பும் நின்றது. அட்டை கிழியப் போகிறது என்று நினைத்தேன்.

"விடுலே," என்று உள்ளேயிருந்து பெரியம்மா வந்தார். "அவிய வாசிக்கட்டும். நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அக்கா, பதினொன்னாவது..."

"நேத்து ராத்திரியே எங்கிட்ட சொல்லிட்டா," என்றார் பெரியப்பா, மாமாவின் முகத்தைப் பார்க்காமல்.

மாமாவின் கை தானாக விலகியது.

"ஆனா ஒன்னு, தம்பி," என்றார் பெரியம்மா. "அதுல தப்பா எழுதிட்ட. அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டெல்லாம் வீட்டுக்கு வரல."

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "மாமா, கதைய எழுதுனது நீங்கதான? அவ அழலன்னு பெரியம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?"

மாமா கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினார். எழுதியவருக்கே தெரியாததை வாசித்தவர் எப்படித் தெரிந்துவைத்திருக்க முடியும்? பெரியம்மாதான் ஏதோ தப்பாக வாசித்திருக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன்.