பெரியவர் நிற்கிற இடம்

ஆபிரிக்காவுக்குப் போகிற யோசனை மகளுடையது.

அவளுக்குக் கனடாவில், ஒஷாவா நகரத்தில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் வேலை. மிருகம் என்றால் உயிர். பனி கொட்டுகிற மாரிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ஃபோனை என் மனைவியின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

“அம்மா, சம்மருக்கு நாங்கள் கென்யா போறம். சஃபாரி. நீங்கள், அப்பா, நான். உங்களுக்குத்தான் சர்ப்ரைஸ்.”

மனைவி படத்தைப் பார்த்தாள். புல்வெளி. நடுவில் ஒரு யானை. ஃபோனை வாங்கி மெதுவாக மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“பெரியவர் நிக்கிற இடமோ?”

“ஓம், நிறையப் பேர் நிப்பினம்.”

எங்கள் வீட்டில் யானையைப் பெரியவர் என்றுதான் சொல்வது. மனைவி வன்னியில் காட்டோரத்தில் பிறந்தவள். அங்கே காட்டுக்குள் போகிறவர்கள் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். காட்டை விட்டு வெளியே வந்தபிறகு மற்றவர்கள் சொல்வார்கள். இவள் சொல்லவில்லை. கொழும்பிலும் சொல்லவில்லை. இங்கே பதினாலாம் மாடியிலும் சொல்லவில்லை. மகள் அதைச் செல்லப்பெயர் என்று நினைத்து வளர்ந்தவள்.

பின்னேரங்களில் மனைவி சீரியல் பார்ப்பதில்லை. ஆபிரிக்காவில் ஒரு தண்ணீர்க்குட்டைக்குப் பக்கத்தில் கமரா வைத்திருக்கிறார்கள். அங்கே நடப்பது அந்த நேரமே இங்கே ரீவியில் தெரியும். பெரியவர்கள் இருட்டுக்குள் இருந்து வருவார்கள், குடிப்பார்கள், போவார்கள். அதைத்தான் பார்ப்பாள். கதிரையில் சாய மாட்டாள். பேச மாட்டாள். மகளுக்கு அது தெரியும். அதனால் வந்த யோசனை இது.

“அம்மாவுக்கு விருப்பம்தானே, அப்பா?”

“அம்மாவைக் கேள்,” என்றேன்.

மனைவி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணீர் போட்டாள். மகள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆயத்தம் தொடங்கியது. நாங்கள் போகிற காப்பகத்துக்கு வேலி இல்லையாம். மாடு மேய்க்கிற ஊராட்கள் தங்கள் நிலத்தை மிருகங்களுக்கு விட்டு வைத்திருக்கிறார்களாம். மகள் எடுத்திருந்தது நடைச் சஃபாரி. வாகனத்தை விட்டு இறங்கி, காவலுக்குத் துவக்கு வைத்திருக்கிற வழிகாட்டிக்குப் பின்னால் நடந்து போய் மிருகங்களைப் பார்ப்பது.

வோபர்னில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டோம். சின்ன பிளேனில் ஏற வேண்டும், அதனால் சூட்கேஸ் கூடாது, துணிப்பைதான். நீலமும் கறுப்பும் உடுத்தினால் ஒருவகை ஈ வந்து கடிக்குமாம். மூன்று பேருக்கும் மண்நிறத்தில் உடுப்பு வாங்கினோம். மனைவி போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். எங்கள் சுவரும் அந்த நிறம்தான். தலையும் கையும் மட்டும் தெரிந்தன.

காப்பகத்தின் விதிகளை மகள் ஃபோனைப் பார்த்து வாசித்தாள்.

“வாசனை ஒண்டும் பூசக் கூடாது.”

“நோவெண்ணெயும் கூடாது,” என்றாள் மனைவி.

“இருட்டினாப் பிறகு டென்ற்றை விட்டுத் தனிய வரக் கூடாது.”

“இருமவும் கூடாது.”

“நடக்கேக்கை லைனா நடக்கோணும்.”

“காத்து எங்கடை முகத்திலை அடிக்கோணும். எங்கடை மணம் அவருக்குப் போகக் கூடாது.”

மகள் சிரித்தாள். “அம்மா யூரியூப்பிலை பிஎச்டி முடிச்சிட்டா, அப்பா.”

மனைவி சிரிக்கவில்லை. ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழும்பிப் போய் அதை இன்னும் கூட்டினேன்.

அவளின் அப்பா எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லித் தெரிந்ததில்லை. கலியாணம் பேசியபோது அவளின் மாமன் சொன்னார். காட்டுப் பாதையால் வந்தவர், பெரியவர் அடித்தது. அவ்வளவுதான் சொன்னார். மகளுக்கு அதுவும் தெரியாது. அம்மப்பா காய்ச்சலில் செத்தவர் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம்.

ஒருநாள் நான் பாண் பேக்கரியில் வேலை முடிந்து வந்தேன். ரீவியில் ஒரு பெரியவர் கமராவுக்குக் கிட்ட வந்து நின்றார். ரீவி முழுக்க ஒரு கண். மடிப்பு மடிப்பாகத் தோல், நடுவில் கண். அது அசையவில்லை. மனைவியும் அசையவில்லை.

“நிப்பாட்டன்,” என்றேன்.

“வேண்டாம்.”

“ஆபிரிக்காவுக்குப் போறியோ, இல்லையோ?”

“அந்த ஆளைக் கேட்டிட்டுத்தான் சொல்லுவன்.”

“எந்த ஆள்?”

“கூட்டிக்கொண்டு நடக்கிறவன்.”

மகளிடம் சொன்னேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, வழிகாட்டியோடு ரீவியில் முகம் பார்த்துப் பேச ஒழுங்கு செய்தாள். எங்களுக்கு மத்தியானம், அங்கே இருட்டிவிட்டது. வெளியே பனி கொட்டிக் கிடந்தது, வெளிச்சத்தில் கண் கூசியது. ரீவிக்குள் மட்டும் இருட்டு. அதில் ஒரு விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு முகம். என்னைவிட வயது குறைவு. அவனுக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. தவளைகள் கத்துவது மட்டும் பெரிதாகக் கேட்டது.

அவன் ஆங்கிலத்தில் சொல்ல மகள் தமிழில் சொன்னாள். எங்கே படுப்பது, என்ன சாப்பாடு. மனைவி குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கேட்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

அவள் அடுப்பை நிறுத்தினாள். மேலே ஓடிய புகைவிசிறியையும் நிறுத்தினாள்.

“பின்னாலை நிக்கிறார்.”

“ஆரம்மா?”

“கதைக்காதை.”

அப்போதுதான் கவனித்தேன். தவளைச் சத்தம் நின்றுவிட்டது. வழிகாட்டி இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு அவன் முகம் மாறியது. மெல்லத் திரும்பினான். கையை நீட்டி விளக்கை அணைத்தான்.

ரீவி கறுத்துப் போனது. கறுப்பில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். எங்கேயோ கொப்பு முறிந்தது. பிறகு ஒரு உறுமல், நிலத்துக்கு அடியில் இருந்து வருவதுபோல. மேசையில் கரண்டி அதிர்ந்தது. ரீவிச் சத்தத்துக்கு அது அதிரும்தான். ஆனாலும் கையை வைத்து அமத்தினேன்.

மனைவி வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் தோளில் பிடித்துத் தனக்குப் பின்னால் இழுத்தாள். ரீவிக்கு முன்னால் அவள் நின்றாள்.

கனநேரம் போனது. ஒரு தவளை கத்தியது. பிறகு எல்லாம் கத்தின. விளக்கு எரிந்தது. வழிகாட்டி சிரித்தான். நெற்றி வேர்த்திருந்தது.

“ஓ மை காட்! அம்மா, அது ஓசம்!” மகள் துள்ளினாள்.

“கேள் அவனை. நடக்கேக்கை பெரியவர் வந்தால் ஆர் முன்னுக்கு நிக்கிறது?” என்றாள் மனைவி.

மகள் கேட்டாள். அவன் நெஞ்சில் கை வைத்தான்.

“தான்தான் நிப்பாராம். அதுதான் தன்ரை வேலையாம்.”

“பிள்ளையள் இருக்கோ?”

“ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளாம். சின்னவ இப்பத்தான் பள்ளிக்கூடம் போறாவாம்.”

“அப்ப நான் வரேல்லை எண்டு சொல்லு.”

“வாட்? அம்மா, லீவும் எடுத்தாச்சு. நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் இருந்து பாக்கிறனீங்கள். உங்களுக்கு விருப்பமெண்டுதானே இவ்வளவும் செய்தனான்!”

“விருப்பமோ?” மனைவி ரீவியைக் காட்டினாள். “அவர் எங்கை நிக்கிறார் எண்டு தெரியவேணும். அதுக்குத்தான் பாக்கிறனான்.”

மகள் என்னைப் பார்த்தாள். மனைவிதான் பேசினாள்.

“உன்ரை அம்மப்பா காய்ச்சலிலை சாகேல்லை, பிள்ளை. என்னையும் கூட்டிக்கொண்டு காட்டாலை வந்தவர். யானை வந்தது. என்னைப் பின்னாலை தள்ளிப்போட்டு முன்னுக்கு நிண்டவர்.”

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை. அவளும் அங்கே நின்றவள் என்று எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டு அவள் பல்கனிக் கதவைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். பனிதான் கிடந்தது. யாரும் கிட்டப் போகவில்லை.

வழிகாட்டி ரீவியில் காத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனோடு பேசினாள். பிறகு தாயிடம் திரும்பினாள்.

“அம்மா, நடக்கத் தேவையில்லையாம். வாகனத்திலையே பாக்கலாமாம். ஒருத்தரும் இறங்கத் தேவையில்லை. ஒருத்தரும் முன்னுக்கு நிக்கத் தேவையில்லை.”

மனைவி யோசித்தாள்.

“முன் சீற்றை எனக்குத் தருவினமோ?”

“ஏனம்மா?”

“அண்டைக்கு நான் அவரைக் காணேல்லை. அப்பாவின்ரை முதுகுதான் தெரிஞ்சது.”

மகள் அதையும் சொன்னாள். அவன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். பிறகு தலையாட்டினான்.

யூலையில் போகிறோம். சாரதிக்குப் பக்கத்தில் மனைவி. மகளுக்கு ஜன்னலோரம்.

“அப்பா, நீங்கள் எங்கை இருக்கப்போறீங்கள்?” என்று கேட்டாள்.

“அம்மாவுக்குப் பின்னாலை,” என்றேன்.