ஒரே ஒரு சிவப்பு

துவாரகாவில் எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் என் மகள் லேப்டாப்பை விட்டு எழமாட்டாள். "ஏக் மினிட்மா, ஒரே ஒரு டெஸ்ட்தான் சிவப்பா இருக்கு" என்பாள். புரோகிராமிங் பழகும் இணையதளம் அது. எழுதியதை அந்தத் தளமே டெஸ்ட் செய்து பார்க்கும்; சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. எல்லாம் பச்சையானால்தான் சமர்ப்பிக்க முடியும். "சாதத்தை ஆறவிட்டு அப்படி என்னடி அதுல?" என்று கத்துவேன்.

டெங்கு அவளைக் கொண்டுபோய்விட்டது.

சில மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கடைசிப் பயிற்சியில் ஒரு சிவப்பு அப்படியே இருந்தது. அதையாவது முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஒன்றும் புரியாமல், அவள் கணக்கிலிருந்தே உதவி கேட்டேன். அவளுக்கு வழக்கமாக உதவும், முகம் தெரியாத ஒருவர் உடனே பதில் எழுதினார்: "திரும்பி வந்துவிட்டாயா! காய்ச்சல் சரியாகிவிட்டதா?"

அழுது முடித்து, நான் அவளுடைய அம்மா என்று எழுதினேன். நடந்ததையும் சொன்னேன்.

மறுநாள் அவர் எழுதியிருந்தார்: "அது அவள் எழுதியது, அப்படியே இருக்கட்டும் அம்மா. நீங்கள் உங்கள் பெயரில் முதல் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். நான் கூட இருக்கிறேன்."

தொடங்கினேன். ஒரு வரி ஓடாமல் நின்றால் எழுந்துபோக மனசே வராது என்பது இப்போதுதான் தெரிகிறது.

நேற்று என் கணவர், "சாதம் ஆறுது, வாயேன்" என்று கூப்பிட்டார்.

"ஏக் மினிட், ஒரே ஒரு டெஸ்ட்தான்..."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவர் தட்டுகளை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.